பழைய சரக்கு வண்டி நடுவழியில் நிற்காமல் ஓட...

நம் சங்க உறுப்பினர்களில் பெரும்பாலோரிடம் ஏதேனும் ஒரு சரக்கு வண்டி இருக்கிறது. மொத்த வியாபாரிகளிடம் மினி லாரியும் பிக்-அப்பும் இருக்கின்றன. மளிகைக் கடைக்காரர்களிடம் டாடா ஏஸ், லோடு ஆட்டோ, மாருதி ஆம்னி போன்றவை இருக்கின்றன. இவற்றில் பலவும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடி, மீட்டரில் இரண்டு லட்சம் கிலோ மீட்டரைத் தாண்டியவை. ஆம்னியின் உற்பத்தி 2019ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. எனவே இன்று சாலையில் ஓடும் ஆம்னி எல்லாமே பழைய வண்டிதான்.

புதிய வண்டி என்றால் முன்பணம், மாதத் தவணை, வட்டி, முழுக் காப்பீடு என்று வரிசையாகச் செலவு காத்திருக்கிறது. இருக்கும் வண்டியையே இன்னும் நாலைந்து ஆண்டுகள் ஓட்டிவிடலாம் என்று நாம் நினைப்பதில் தவறில்லை. அது முடியக்கூடிய காரியம்தான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பழைய வண்டிக்கு, அது நிற்பதற்கு முன்னால் செலவு செய்ய வேண்டும். நின்ற பிறகு செய்யும் செலவு எப்போதும் பல மடங்கு கூடுதலாகவே இருக்கும்.

ஒரு சிறு உதாரணம் பார்ப்போம். சந்தையிலிருந்து தக்காளியும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் வண்டி வருகிறது. வழியில் பேன் பெல்ட் அறுந்துவிடுகிறது. பல வண்டிகளில் தண்ணீர் பம்பைச் சுற்றுவதும், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவைச் சுற்றுவதும் இந்த ஒரே பெல்ட்தான். டிரைவர் கவனிக்காமல் பத்து கிலோ மீட்டர் ஓட்டிவிட்டால், என்ஜின் கொதித்து ஹெட் கேஸ்கட் போய்விடும். ஹெட்டே வளைந்துபோகவும் கூடும். சில நூறு ரூபாய் பெல்ட்டுக்குப் பதிலாகப் பல ஆயிரம் ரூபாய் என்ஜின் வேலை வந்து சேர்கிறது. வேறு வண்டி பிடித்துச் சரக்கை மாற்றும் கூலி, வெயிலில் கெட்டுப்போன தக்காளி, அன்று காலை வெறுங்கையோடு திரும்பிய வாடிக்கையாளர்கள் ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மெக்கானிக் கொடுக்கும் சீட்டில் இந்தச் செலவுகள் எழுதப்படுவதில்லை. அதனால்தான் நாம் இவற்றை மறந்துவிடுகிறோம்.

முதல் வேலை: வண்டிக்கு ஒரு பேரேடு

கடன்காரர் ஒவ்வொருவருக்கும் பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். எந்தச் சரக்கு என்று வந்தது, எவ்வளவு மிச்சம் என்று எழுதி வைக்கிறோம். வண்டிக்கு மட்டும் அப்படி எதுவும் இருப்பதில்லை. "ஆயில் எப்போது மாற்றியது?" என்று கேட்டால், "தீபாவளிக்கு முன்னாடி மாற்றின ஞாபகம்" என்றுதான் பதில் வரும்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, மீட்டரில் உள்ள கிலோ மீட்டர், செய்த வேலை, மாற்றிய சாமான், ஆன செலவு என ஐந்து பத்தி போட்டு எழுதி வர வேண்டும். டீசல் போடும்போதும் லிட்டரையும் கிலோ மீட்டரையும் குறித்துக்கொள்ள வேண்டும். மைலேஜ் திடீரென்று குறைந்தால், காற்று பில்டர் அடைப்பு, பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுவது, டயரில் காற்றுக் குறைவு, கிளட்ச் வழுக்கல் ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். வண்டி நிற்பதற்குப் பல நாட்களுக்கு முன்பே நோட்டு இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய வண்டியைப் புதிதாக விலைக்கு வாங்கியவர்கள், முன்பிருந்தவர் சொன்னதை நம்பிக் கணக்கைத் தொடங்கக் கூடாது. என்ஜின் ஆயில், ஆயில் பில்டர், டீசல் பில்டர், காற்று பில்டர், கூலண்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில், கிரவுன் ஆயில் அனைத்தையும் ஒரே சமயத்தில் மாற்றிவிட்டு, அந்தக் கிலோ மீட்டரை நோட்டின் முதல் வரியில் எழுத வேண்டும். அங்கிருந்துதான் நம் கணக்கு ஆரம்பம்.

எந்தச் செலவு முந்தி?

கையில் இருக்கும் பணத்துக்குள் எல்லா வேலையையும் ஒரே மாதத்தில் செய்ய முடியாது. எனவே வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும். பிரேக், ஸ்டீயரிங், டயர் ஆகியவை உயிர் சம்பந்தப்பட்டவை. இவற்றை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அடுத்து, என்ஜினையே தீர்த்துவிடக்கூடியவை: ஆயில், தண்ணீர், பெல்ட். மூன்றாவதாக, வண்டியை வழியில் நிறுத்தக்கூடியவை: பேட்டரி, டீசல் பில்டர், கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் முதலியன. பெயிண்ட், டிங்கரிங், சீட் உறை எல்லாம் கடைசிதான். நம்மில் சிலர் எப்.சி.க்கு முன்னால் பெயிண்டுக்குத் தாராளமாகச் செலவழித்துவிட்டு, பிரேக் லைனிங்கை "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும்.

பிரேக்கும் டயரும்

பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனாலோ, மிதிக்கும்போது பஞ்சு போல் இருந்தாலோ, பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, அன்றைக்கே பட்டறைக்கு அனுப்ப வேண்டும். சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்தால் வீல் சிலிண்டர் கசிகிறது என்று பொருள்.

பிரேக் ஆயிலை மாற்ற வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. குறைந்தால் ஊற்றுவதோடு சரி. இந்த ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. மழைக்காலத்தில் நம் கடையில் உப்பும் வெல்லமும் கசிவதைப் போலத்தான். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கு வகுத்துள்ள குறைந்தபட்ச அளவு 140 டிகிரிதான். தர்மபுரி - சேலம் வழியிலுள்ள தொப்பூர் கணவாய் போன்ற நீண்ட இறக்கத்தில் பாரத்தோடு இறங்கும்போது பிரேக் சூடேறி, ஈரம் ஏறிய ஆயில் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். அப்போது பெடலை மிதித்தால் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. எனவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும்.

டீசல் மிச்சம் பிடிக்கிறோம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும், என்ஜினை அணைத்துவிட்டு உருட்டுவதும் அறவே கூடாது. என்ஜின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வாக்குவம் சில மிதிகளில் தீர்ந்துபோகும். அதன் பிறகு பெடல் கல்லாக இறுகிவிடும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்கள் சொல்லும் பாடம். அது இன்றும் பொருந்தும்.

டயரில் பட்டன் 1.6 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது நான்கு சக்கர வண்டிகளுக்கான விதி. இதை அளக்கக் கருவி தேவையில்லை. டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் வைத்திருப்பார்கள். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம். டயரின் வயதையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு விட்ட டயரை நம்பிப் பாரம் ஏற்றக் கூடாது. ஓரங்கள் மட்டும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட் கோளாறு. காற்றை டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் பார்ப்பதே சரி. ஸ்டெப்னிக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆயிலும் தண்ணீரும்

டீசல் என்ஜினில் ஆயில் ஊற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும். கறுப்பு நிறத்தை வைத்து ஆயில் கெட்டுவிட்டது என்று முடிவு செய்ய முடியாது. கிலோ மீட்டரும் காலமும்தான் கணக்கு. நம் வண்டிகள் கடைக்குக் கடை நின்று, என்ஜினை ஓடவிட்டபடியே சரக்கு இறக்கி, நெரிசலில் ஊர்ந்து போகின்றன. மீட்டரில் ஏறும் கிலோ மீட்டரைவிட என்ஜின் உழைக்கும் நேரம் அதிகம். ஆகவே வண்டியோடு வந்த புத்தகத்தில் 10,000 கிலோ மீட்டர் என்று போட்டிருந்தால் நாம் 7,500இலேயே மாற்றிவிடுவது நல்லது. ஓட்டம் குறைவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். ஒவ்வொரு முறையும் பில்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

தினமும் காலையில் வண்டியை எடுக்கும் முன் அளவுக் கம்பியை இழுத்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. ஆயில் பாலும் காபியும் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். உடனே வண்டியை நிறுத்திவிட வேண்டும். புகையும் சேதி சொல்லும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறும்புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம் போகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் உள்ளே தண்ணீர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

ரேடியேட்டரில் கிணற்று நீரையோ, ஆழ்குழாய் நீரையோ ஊற்றும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். வீட்டில் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் உட்புறம் உப்புப் படிவதைப் பார்த்திருக்கிறோம். அதே படிவுதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கிறது. கூலண்ட் குளிர் நாட்டுக்கு மட்டும் உரியது என்று சிலர் எண்ணுகிறார்கள். துருப் பிடிக்காமல் காப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலைகள். நம் ஊர் வெயிலுக்கு இரண்டுமே தேவை. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால் உள்ளே அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். மூடியின் விலை மிகச் சொற்பம். வண்டி கொதித்து நின்றால் சூட்டோடு மூடியைத் திறக்கவும் கூடாது, என்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது. முதலாவது முகத்தை வேகவைத்துவிடும். இரண்டாவது என்ஜினில் விரிசல் விழச் செய்யும். அரை மணி நேரம் பொறுப்பதே வழி.

பெல்ட்டும் பேட்டரியும்

பேன் பெல்ட்டின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் வெடிப்புத் தெரியும். வெடிப்புக் கண்டால் மாற்றிவிட்டு, பழையதைத் தூக்கிப் போடாமல் வண்டியிலேயே வைத்திருந்தால் அவசரத்துக்கு உதவும். டைமிங் பெல்ட் உள்ள வண்டியா, செயின் உள்ளதா என்பதை மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பெல்ட்டாக இருந்தால், புத்தகத்தில் சொல்லியுள்ள கிலோ மீட்டரில் தவறாமல் மாற்ற வேண்டும். டைமிங் பெல்ட் ஓசையே இல்லாமல் அறுந்துவிடும். பல என்ஜின்களில் அது அறுந்தால் பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று மோதிவிடும்.

பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால், நம் கடையிலேயே இருக்கும் ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து, உள்ளே இறங்காதபடி மூடிகளை இறுக மூடிக்கொண்டு கழுவலாம். பிறகு துடைத்து வாஸ்லின் தடவ வேண்டும். தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். இரவு முழுதும் நின்ற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் வோல்ட் ஏறவில்லை என்றால் கோளாறு பேட்டரியில் இல்லை, சார்ஜ் ஏற்றும் பக்கத்தில் இருக்கிறது. இதைப் பார்க்காமல் புதுப் பேட்டரி வாங்கி ஏமாந்தவர்கள் நம்மிடையே உண்டு.

நம் சரக்கே வண்டிக்குப் பகை

மளிகை வியாபாரிகளின் வண்டிக்கென்று சில தனித் தொல்லைகள் உண்டு. உப்பு மூட்டையிலிருந்து கசியும் நீர் தளத்தின் இடுக்கு வழியாக இறங்கிச் சேசிஸை அரிக்கும். மீன், கருவாடு ஏற்றும் வண்டிகளுக்கும் இதே கதிதான். உப்பு ஏற்றும் நாளில் அடியில் தடித்த பாலிதீன் விரிக்க வேண்டும். இறக்கிய பிறகு நல்ல தண்ணீரால் மேலும் கீழும் கழுவிவிட வேண்டும்.

சிந்திய அரிசியும் பருப்பும் எலியை அழைக்கும். குடோன் வாசலில் இரவு நிறுத்தும் வண்டியில் எலி புகுந்து ஒயரைக் கடித்தால், வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போவது ஒரு புறம், ஒயர்கள் ஒன்றோடொன்று உரசித் தீப்பிடிக்கும் அபாயம் இன்னொரு புறம். தினமும் சரக்கு இறக்கியதும் தளத்தைப் பெருக்கிவிட்டால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு அதிகப் பாரம். ஆரம்பகால டாடா ஏஸின் பார அளவு 750 கிலோ. அதாவது 50 கிலோ மூட்டை பதினைந்து. அதில் இருபத்தைந்து மூட்டை ஏற்றினால் கமான் பட்டை, வீல் பேரிங், கிளட்ச், பிரேக், டயர் எல்லாமே ஒன்றாகத் தேயும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் சொல்லப்பட்டுள்ளது. ஒரு நடை மிச்சம் பிடிப்பதற்கு இது கட்டுப்படியாகுமா என்று உறுப்பினர்களே கணக்குப் பார்க்கலாம்.

டிரைவரும் மெக்கானிக்கும்

வண்டியின் குறையை முதலில் அறிபவர் டிரைவர். "பிரேக் கொஞ்சம் கம்மியா இருக்குங்க முதலாளி" என்று அவர் சொல்லும்போது, "உனக்கு எப்பப் பார்த்தாலும் செலவுதான்" என்று நாம் சிடுசிடுத்தால், அடுத்த முறை அவர் வாய் திறக்கமாட்டார். அந்த வண்டியில் உட்கார்ந்து போகிறவர்கள் அவரும் சுமை தூக்கும் பையனும்தான் என்பதை நாம் மறக்கக் கூடாது. குறை சொன்னால் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய குறைக்கு அந்த வாரத்துக்குள் ஒரு வழி செய்யுங்கள்.

மெக்கானிக்கை அடிக்கடி மாற்றாமல், வண்டியின் பூர்வோத்தரம் தெரிந்த ஒருவரிடமே தொடர்வது நல்லது. கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உதிரிபாகங்களில் போலிகள் நிறைய உலவுகின்றன. பில்டர், பேரிங், பிரேக் லைனிங் ஆகியவற்றை ரசீதோடு, தெரிந்த கடையில் மட்டும் வாங்க வேண்டும். கலப்படச் சரக்கைக் கடையில் ஏற்றாத நாம் வண்டிக்குள் மட்டும் ஏன் ஏற்ற வேண்டும்?

எப்.சி.யும் ரசீதும்

சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். தேதி கடந்தால் நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் சேரும். வண்டியின் வயது கூடக்கூடச் சான்றுக் கட்டணமும் கூடுகிறது. எப்.சி. இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டுத் தொகை பெறுவதிலும் சிக்கல் வரும். எப்.சி. தேதிக்கு ஒரு மாதம் முன்பே பிரேக், விளக்கு, ஸ்டீயரிங், டயர் வேலைகளை முடித்துக்கொண்டால் கடைசி நேர அலைச்சல் இராது.

சரக்கு வாகனமாகப் பதிவான வண்டியின் பழுதுச் செலவுக்கும் உதிரிபாகத்துக்கும் கட்டிய ஜி.எஸ்.டி.யை, வழக்கமான முறையில் வரி செலுத்துவோர் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். நம் ஜி.எஸ்.டி. எண்ணைக் குறிப்பிட்ட ரசீது இருந்தால்தான் இது கிடைக்கும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை.

எப்போது போதும் என்பது?

எவ்வளவு பராமரித்தாலும் ஒரு நாள் வண்டியை விட்டுத்தான் ஆக வேண்டும். அந்த நாளையும் நோட்டே சொல்லும். ஆண்டு முடிவில் டீசல் நீங்கலாக ஆன செலவைக் கூட்டுங்கள். வண்டி நின்ற நாட்களையும், அந்நாட்களில் கொடுத்த வாடகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகை, அதேபோன்ற நல்ல வண்டிக்கு ஓராண்டில் கட்ட வேண்டிய தவணைத் தொகையை நெருங்கிவிட்டால் யோசிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. என்ஜின் தேய்ந்து சேசிஸ் உறுதியாக இருந்தால் என்ஜின் வேலை பார்ப்பதில் அர்த்தம் உண்டு. சேசிஸ் துருவேறி இற்றுப்போயிருந்தால் அதன் மேல் போடும் பணம் வீண்.

சுருக்கமான கால அட்டவணை

தினமும்: என்ஜின் ஆயில், தண்ணீர், பிரேக் பெடல், விளக்கு, வண்டியின் அடியில் ஒழுகல் உண்டா என்பது.

வாரந்தோறும்: ஸ்டெப்னி உட்பட டயர் காற்று, பிரேக் ஆயில் அளவு, வீல் நட் இறுக்கம், பேட்டரி முனை.

மாதந்தோறும்: பெல்ட், ஹோஸ், காற்று பில்டர் தூசு, டீசல் பில்டரில் தங்கும் தண்ணீரை வடித்தல், கிரீஸ் அடித்தல், கமான் பட்டையும் யூ போல்ட்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை: பிரேக் லைனிங் கழற்றிப் பார்த்தல், வீல் பேரிங், வீல் அலைன்மென்ட், கிளட்ச் மற்றும் ஆக்சிலரேட்டர் கேபிள்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை: பிரேக் ஆயில் முழுவதும், கூலண்ட் முழுவதும்.

கிலோ மீட்டர் கணக்கில்: என்ஜின் ஆயில், பில்டர்கள், கியர் ஆயில், டைமிங் பெல்ட்.

இந்த அட்டவணையை வெட்டி எடுத்து வண்டியின் டாஷ்போர்டில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். நோட்டை இந்த வாரமே தொடங்கி, அதன் முதல் வரியில் இன்றைய கிலோ மீட்டரை எழுதுமாறு உறுப்பினர்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.